கிளட்ச் கால்

திண்டிவனத்தில் என் அக்கா வீட்டு நடு அறையில், தெற்குச் சுவர் ஓரமாக இப்போது ஒரு பீரோ நிற்கிறது. அதற்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாகக் கிடக்கிறது. தெருக்கதவிலிருந்து சமையல்கட்டுக்கு நேராக நடந்தால் அந்த இடத்தை மிதித்துத்தான் போக வேண்டும். நாங்கள் மிதிப்பதில்லை. அக்காவும் நானும் அங்கே வந்ததும் ஒதுங்கி, எதிர்ச் சுவரை உரசிக்கொண்டு சுற்றிப் போவோம். பின்னால் கல்யாணமாகி வந்த மருமகளும் அப்படியே போகப் பழகிவிட்டாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை.

எண்பதுகளில் அங்கே ஒரு நாடாக் கட்டில் கிடந்தது. அதில் என் அக்கா புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், படுத்திருப்பார். ஆள் நெட்டை. கட்டிலுக்கு வெளியே அவருடைய இடது கால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலின் கட்டைவிரல்மேல் வேட்டி நுனி பட்டால்கூட அலறுவார். அதனால்தான் சுற்றிப் போனோம். அவர் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கட்டிலும் போய்விட்டது. கால் மட்டும் அங்கேயே நீட்டிக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிறது என்று சொல்லவில்லை. அது எதுவரை நீட்டியிருக்கிறது என்று என் உடம்புக்குத் தெரிகிறது.

மாமா பஸ் டிரைவர். கள்ளக்குறிச்சியில் கிளம்பி, விழுப்புரம் வழியாகத் திண்டிவனம் வருகிற தனியார் வண்டி. அதே வண்டியில் நான் கிளீனர். பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். பஸ்களின் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் ‘வி’ என்ற எழுத்தைப் பார்த்தால் விழுப்புரம்தான் முதலில் வரும். விளக்கு, விறகு எல்லாம் அதற்கப்புறம்தான்.

அந்தக் காலத்து வண்டியில் கிளட்ச் மிதிப்பது லேசான வேலை இல்லை. முழு ஆளின் கனத்தையும் இடது காலில் இறக்க வேண்டும். டிரங்க் ரோடு அப்போது அகலமில்லாத ரோடு. மாட்டு வண்டி, கரும்பு லாரி, அறுவடைக் காலத்தில் வேர்க்கடலை பிடுங்கிய மல்லாட்டைக் கொடியை ரோட்டிலேயே போட்டு உலர்த்துகிறவர்கள், எல்லாவற்றுக்கும் கியர் மாற்றிக்கொண்டேதான் போக வேண்டும். மாமா அந்தக் காலைக் கிளட்ச் கால் என்றே சொல்வார். “சோத்துக் கை மாதிரி இது சோத்துக் கால்டா மச்சான்” என்பார்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழுப்புரம் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு கூரை போட்ட ஹோட்டலில் வண்டி நிற்கும். வண்டியை எந்த ஹோட்டலில் நிறுத்துகிறார்களோ அந்த ஹோட்டலில் டிரைவர், கண்டக்டர், கிளீனருக்குச் சாப்பாடு ஓசி. எல்லா ரூட்டிலும் இதுதான் வழக்கம். பயணிகள் முன்பக்கம் புரோட்டாவுக்குக் காத்துக்கொண்டிருக்க, எங்களுக்குப் பின்கட்டில் இலை விழும். டிரைவர் இலை தனி. ஈரல் வறுவல், குடல் குழம்பு, நெத்திலிக் கருவாடு. ஹோட்டல்காரர் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே பரிமாறுவார்.

“அண்ணே, ஒனக்குன்னு ஈரல் எடுத்து வச்சிகினு குந்திகினு இருக்கேன். நீ இன்னாடான்னா லேட்டா வர்ற.”

“ரயில்வே கேட்டு போட்டுட்டான்யா. நான் இன்னா பண்ணட்டும்?”

“கேட்டத் தூக்கினு வந்துட வேண்டிதான? இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்க.”

இலையில் அவ்வளவும் சாப்பிடுவார், தண்ணீர் மட்டும் ஒரு வாய்க்கு மேல் குடிக்க மாட்டார். குடித்தால் வழியில் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டிவரும். வண்டி நிறைய ஜனம் பார்த்துக்கொண்டிருக்க டிரைவர் புளியமரத்துக்குப் பின்னால் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அடக்கிக்கொண்டே ஓட்டுவார்.

முதன்முதலில் அந்த வலி வந்தது ஒரு மார்கழிக் காலையில். விக்கிரவாண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பி, கியர் மாற்ற மிதித்தவர், “ஐயோ, தேளு!” என்று கத்தி வண்டியை ஓரம் கட்டிவிட்டார். செருப்பை உதறி எறிந்தார். நான் முன்சீட்டுக்கு அடியில் நுழைந்து தேடினேன். பயணிகள் எல்லோரும் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியம்மா கூடையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, “தேளா இருக்காது, நட்டுவாக்காலியா இருக்கும், நல்லாப் பாருடா” என்று மேலே நின்று உத்தரவு போட்டாள். தேளும் இல்லை, நட்டுவாக்காலியும் இல்லை. பின்சீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, விஷக்கடிக்கு மந்திரிப்பேன் என்று சொல்லி, வேப்பங்கொத்தால் விரலைத் தடவிவிட்டார். கட்டைவிரல் முட்டி செக்கச்செவேல் என்று வீங்கிவிட்டது. ஒரு வாரம் கட்டிலில் கிடந்தார். அப்புறம் வந்த சுவடு இல்லாமல் வலி போய்விட்டது. மந்திரித்தவருக்கு நல்ல பெயர்.

திரும்ப வந்தது. போனது. மறுபடி வந்தது. வந்தால் வீட்டில் எல்லோரும் அரைக்குரலில்தான் பேசுவோம். கோழி உள்ளே வந்து கட்டில் காலில் இடித்துவிடாமல் அக்கா ஒரு குச்சியோடு வாசலில் நிற்பாள். விரலில் ஈ உட்கார்ந்தால் அவர் போடுகிற சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். பாத்திரம் கீழே விழுந்தால் அந்த அதிர்ச்சி தரை வழியாக வந்து அவர் விரலில் ஏறும் என்பார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நாட்களில் நாங்கள் சொம்பைக்கூட இரண்டு கையால் வைத்தோம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் வெள்ளை மாத்திரை ஒன்று கொடுப்பார்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் வலி அடங்கும். வண்டியை விடக்கூடாதே என்று அதைப் பையில் வைத்துக்கொண்டே ஓட்டினார். வெற்றிலை போடுகிற மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். வருஷக்கணக்கில் போட்டார். அந்த மாத்திரைகளும் சேர்ந்து உள்ளே என்ன செய்தன என்று பிற்பாடு மெட்ராஸ் டாக்டரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கால். அந்த வீட்டில் வியாதி என்றால் கால்தான். அக்கா ஒருநாள் மயிலம் மலைக்குப் போய் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய்விட்டுத்தான் வேண்டுவாள், மனசுக்குள் வேண்டத் தெரியாது.

“முருகா, அந்தக் காலு ஒண்ண மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுப்பா. வெள்ளியில காலு செஞ்சி எடுத்தாறேன். அவரே படியேறி வந்து உண்டியல்ல போடுவாரு.”

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. கேட்பதற்கு வேறு எதுவும் இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை.

அதற்கடுத்த வருஷம் மாமாவுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கும், கண் திறக்காது. வாயில் ஏதோ நாற்றம் அடிக்கிறது என்று அடிக்கடி கொப்பளிப்பார். பாண்டிச்சேரியில் காட்டினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்விட்டது, மெட்ராஸுக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள். மாமாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. “வலியே இல்லியே, எப்பிடிக் கெட்டுப்போவும்?” என்று இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

மெட்ராஸில் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மிஷின் இருந்தது. பீரோ அளவு இருக்கும். அவருடைய ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, கழுவி, மறுபடி உள்ளே விட்டார்கள். நான் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு மனுஷனுடைய ரத்தம் அவனுக்கு வெளியே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கிற எவனுக்கும் அன்றைக்குச் சோறு இறங்காது. மாமாவோ, “ரேடியேட்டர் தண்ணி மாத்தறாங்கடா மச்சான், அவ்ளோதான்” என்றார். அவர் கை மணிக்கட்டில் ஒரு ஆபரேஷன் செய்து ரத்தக்குழாய் இரண்டை இணைத்திருந்தார்கள். அங்கே விரல் வைத்தால் உள்ளே ஏதோ சர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். அக்கா ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அப்புறம் அந்தப் பக்கமே உட்கார மாட்டாள்.

வருஷக்கணக்கில் போட்ட வெள்ளை மாத்திரையும் சேர்ந்துதான் கிட்னியைக் கெடுத்தது என்று டாக்டரம்மா சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் மிஷினுக்கு வர வேண்டும் என்றார். உயிர் உள்ளமட்டும் வர வேண்டும். வராமல் விட்டால் கொஞ்ச நாளில் உயிர் போய்விடும். இதைச் சுற்றி வளைக்காமல் எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னார். ஈரல், கருவாடு, பருப்பு, இளநீர் கூடாது. தண்ணீர் அளந்துதான் குடிக்க வேண்டும். இவ்வளவு காலம் தண்ணீரே குடிக்காமல் வண்டி ஓட்டிய மனுஷன், இப்போது குடிக்கக் கூடாது என்றதும் அதற்கு ஏங்கினார். ஈரத்துண்டை உதட்டில் வைத்துக்கொண்டு தெருவில் தண்ணீர்க்குடம் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

அதிகாலைப் பாசஞ்சரில் கிளம்பிப் போவோம், சாயங்காலம் திரும்புவோம். கொஞ்ச மாதம் இப்படிப் போனது. அப்போதுதான் அது நடந்தது. காலில் வலி நின்றுவிட்டது.

முதலில் எங்களில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடுமோ என்று பயம். ஒருநாள் அக்கா கட்டிலைத் தாண்டும்போது முந்தானை அவர் விரலில் உரசிவிட்டது. அவள் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாமா சத்தம் போடவில்லை. விரலை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் எழுந்து அந்தக் காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

“ஏமே, போச்சிமே! பூடுச்சி!”

அக்கா அழுதாள். நான் சிரித்தேன். அவர் விடுவிடு என்று தெருவுக்குப் போய் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். எதிர்வீட்டு ஆள், “இன்னா டிரைவரே, பரேடு போறீங்களா?” என்று கேட்டார். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரம் ஷெட்டுக்குப் போய், நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து, கிளட்சை மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். எங்கள் கண்டக்டர் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“அண்ணே, நீ மிதிக்கற மிதியில அது புட்டுக்கப் போவுது. எப்ப டூட்டிக்கு வர்ற?”

“வேண்டுதல் ஒண்ணு கீது. முடிச்சிட்டு வந்து குந்தறேன்.”

அடுத்த தடவை மெட்ராஸ் போனபோது டாக்டரம்மாவிடம் காலைத் தூக்கிக் காட்டினார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர் பேச்சில் ஒன்றுகூட எங்களுக்குப் புரியாமல் போகவில்லை. அதுதான் என்னைப் பேஜார் பண்ணுகிறது.

“சந்தோஷங்கய்யா. ஆனா வலி போனதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. உங்க கால்ல வலிச்சது யூரிக் ஆசிட். மிஷின்ல போடறதுக்கு முன்னாடி பாத்தா அது உங்க ரத்தத்துல இன்னும் அதிகமாத்தான் இருக்கு. போட்டு முடிச்சா இறங்குது. நீங்க ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் மறுபடி ஏற ஆரம்பிக்குது.”

“ஏறுனா வலிக்கணுமே, தாயி?”

“கிட்னி கெட்டவங்களுக்குச் சில பேருக்கு அது எவ்வளவு ஏறினாலும் வலிக்கிறதில்ல. ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. அதோட சேர்ந்து வேற உப்பும் ஏறுது. அதுதான் ஆளைக் கொல்றது. அதுக்கு வலியே கிடையாது.”

“வலிக்கவே வலிக்காதா?”

“வலிக்காதுங்க. அதனாலதான் நான் இவ்வளவு சொல்றேன்.”

எனக்கு அது கிணறு மாதிரி தெரிந்தது. எங்கள் பக்கத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி வற்ற வற்ற இறைத்த கிணறு விடிந்தால் ஊறியிருக்கும். இறைத்தது பொய்யில்லை, ஊறினதும் பொய்யில்லை. ஆனால் மாமாவுக்கு அது அப்படித் தெரியவில்லை. ரயிலில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செங்கல்பட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று கேட்டார்.

“வலிக்காத நோவுக்கு இன்னாத்துக்கு மச்சான் ஊசி குத்திக்கணும்?”

“மாமா, அந்தம்மா அவ்ளோ சொல்லிச்சே.”

“அது படிச்சிட்டுச் சொல்லுது. எனக்குக் காலு சொல்லுது.”

அந்த வருஷம் பங்குனி உத்திரம் மிஷின் நாளில் விழுந்தது. அக்கா ஆசாரியிடம் சொல்லி வெள்ளியில் கால் செய்து வைத்திருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்னக் கால், விரல்கள் எல்லாம் தனித்தனியாகக் கோடு போட்டு. சாமி காரியத்தைத் தள்ளிப்போட அவளுக்கு மனசில்லை. ஒருநாள் தள்ளி மெட்ராஸ் போனால் என்ன என்றாள். நான் போக வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். “நீ சும்மா கெடடா” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கும்.

மயிலத்தில் அன்றைக்குக் கூட்டம் கொள்ளவில்லை. காவடியும் பாற்குடமும் இடித்துக்கொண்டு ஏறின. மாமா செருப்பில்லாமல் வெயில் சுட்ட படிகளில் ஏறினார். இடது காலை ஒவ்வொரு படியிலும் அழுத்தி வைத்து, அழுத்தியதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். மேலே போய் வெள்ளிக் காலை உண்டியலில் போட்டார். விழுந்த சத்தம் கூட்டத்தில் கேட்கவில்லை. அக்காவுக்கு அது குறை. “விழுந்துச்சா, பாத்தியா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

மறுநாள் அலுப்பாக இருக்கிறது என்று மாமா மெட்ராஸ் போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. நாங்கள் கெஞ்சினோம், சண்டை போட்டோம். கடைசியில் அவரே ஒரு முடிவு சொன்னார்.

“என்னிக்குக் காலு வலிக்குதோ அன்னிக்குப் போறேன். சத்தியமாப் போறேன். போதுமா?”

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைத்தான் நான் யாரிடமும் பேசினதில்லை. தினமும் விடிந்ததும் அக்கா கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலைப் பிடிப்பாள். எந்த விரலை இத்தனை வருஷம் எங்கள் மூச்சுக்காற்றுகூடப் படாமல் காத்தோமோ, அதைக் கட்டைவிரலால் அழுத்துவாள்.

“வலிக்குதாங்க?”

“இல்லமே.”

“இங்க?”

“இல்லன்றனே.”

இன்னும் அழுத்துவாள். நகம் வெளுக்கும். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் நாளாக நாளாக மூச்சு குறைந்துகொண்டு வந்தது. முகம் மறுபடி ஊத ஆரம்பித்தது. படுத்தால் இரைத்தது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினார். அப்போதும் காலைத்தான் காட்டுவார். “பாரு, கண்ணாடி மாதிரி கீது” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீட்டில் ஈரல் வறுக்கிற வாசனை. சமையல்கட்டுக்குள் போனேன். அடுப்புக்கு முன்னால் அக்கா. பக்கத்தில் கருவாடும் ஊறிக்கொண்டிருந்தது.

“இன்னாக்கா பண்ற? அந்தம்மா கூடாதுன்னு சொன்னதெல்லாம் ஆக்கிகினு கீறே?”

அவள் திரும்பவில்லை. கரண்டியால் கிளறிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

“இத்தத் துன்னாத்தானடா காலு வலிக்கும். வலிச்சாத்தான் வர்றேன்னு சத்தியம் பண்ணிக்கிறாரு. ஒரே ஒரு தபா வலிச்சிடட்டும். தூக்கினு பூடலாம்.”

நான் சட்டியை இறக்கப் போனேன். அவள் கையைத் தட்டிவிட்டாள். மாமா உள்ளேயிருந்து, “இன்னா வாசனை தூக்குது! மச்சான் வந்துட்டானா? இலையப் போடு” என்றார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார். நாக்கு பழைய மாதிரி இல்லை, எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது என்று தள்ளிவைத்தார். அக்கா இலையை எடுக்காமல் அவர் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வரை பார்த்தாள். விரல் அப்படியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், மயிலம் போகணும் துணைக்கு வாடா என்றாள். கூட்டேரிப்பட்டில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனோம். பங்குனிக் கூட்டமெல்லாம் வடிந்து மலை வெறிச்சோடிக் கிடந்தது. சன்னதியில் குருக்களைத் தவிர ஆள் இல்லை. அக்கா எப்போதும்போல வாய்விட்டுத்தான் வேண்டினாள்.

“நீ குடுத்தத நீயே எடுத்துக்கப்பா. வெள்ளிக் காலு உங்கிட்டவே இருக்கட்டும். அந்த வலிய மட்டும் திருப்பிக் குடுத்துடு.”

குருக்கள் விபூதித் தட்டோடு நின்றவர் அவளையே பார்த்தார். தப்பாகச் சொல்கிறாளோ என்று நினைத்திருப்பார். “அம்மா, வலி போகணும்னு வேண்டிக்கோங்க” என்றார். அக்கா தலையை ஆட்டினாள், இல்லை என்று. திரும்பவும் அதையே சொன்னாள்.

நாங்கள் வீடு திரும்பியபோது மாமா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பேச்சு வரவில்லை. அக்கா ஓடிப்போய் முதலில் விரலைத்தான் அழுத்தினாள். அவர் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தார். நான் ஓடி மெட்ராஸ் போக டாக்சி பிடித்து வந்தேன். இந்தத் தடவை அவர் காலில் வலி இல்லாமலே ஏறிக்கொண்டார்.

பின்சீட்டில் நடுவில் அவர், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. டாக்சிக்காரர் சின்ன வயசு. கியரை முரட்டுத்தனமாகப் போட்டார். ஒவ்வொரு தடவை அவர் கியர் மாற்றும்போதும் மாமாவின் இடது கால் கீழே தகரத்தை அழுத்தியது. டிரைவர்களுக்கு அது வழக்கம், பயணியாக உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. என் கால் அவர் காலோடு ஒட்டியிருந்ததால் அந்த அழுத்தம் எனக்குத் தெரிந்துகொண்டே வந்தது. “ஜல்தி போப்பா” என்று நான் சொன்னேன். டாக்சிக்காரர் கியர் மாற்றினார், மாமா மிதித்தார். அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்தது. வண்டி நின்றது. மந்தை போனதும் டாக்சிக்காரர் முதல் கியர் போட்டார். அடுத்தது போட்டார். அதற்கடுத்ததும் போட்டார். என் பக்கத்திலிருந்த கால் அசையவில்லை. நான் அக்காவிடம் உடனே சொல்லவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு கியர் மாற்றட்டும் என்று காத்திருந்தேன்.

திண்டிவனத்துக்கே திருப்பச் சொன்னோம்.

நடு அறையில் கிடத்தினார்கள். பெண்கள் அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் அக்கா சுவரில் சாய்ந்து, யாரையும் பார்க்காமல் பேசினாள். “காலக் கேட்டேன். காலக் குடுத்தான். ஆளக் கேக்கணும்னு எனக்குத் தோணலியே” என்றாள். சுற்றியிருந்தவர்களுக்கு அது பிதற்றலாகப் பட்டிருக்கும். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து குடிக்கச் சொன்னாள்.

எங்கள் வழக்கத்தில் உடலைக் கிடத்தினதும் இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டுவார்கள். மச்சான் நீதான் கட்டணும் என்று வேட்டியிலிருந்து ஒரு துணிக் கிழிசலை என் கையில் கொடுத்தார்கள். நான் குந்தி உட்கார்ந்தேன். வலது விரலில் துணியைச் சுற்றியாயிற்று. இடது விரலுக்குப் பக்கத்தில் கை போகவில்லை. போனாலும் துணியைத் தொட்டும் தொடாமலும்தான் சுற்ற முடிந்தது. முடிச்சு நழுவி நழுவி அவிழ்ந்தது.

“இன்னாடா இது, பூவா கட்டற?” என்றார் தெருப் பெரியவர் ஒருவர். “நேரமாவுது. இறுக்கிக் கட்டு.”

என்னால் முடியவில்லை. அவரே குனிந்து, என் கையிலிருந்து துணியை வாங்கி, இரண்டு விரலையும் சேர்த்து வைத்து, பலமாக ஒரு இழுப்பு இழுத்தார். “மெதுவா!” என்று அக்கா கத்தினாள். நானும் கத்தினேன் போலிருக்கிறது. அவளும் நானும் ஒரே நேரத்தில் மாமாவின் முகத்தைப் பார்த்தோம்.

முகம் சுளிக்கவில்லை. பெரியவர் இரண்டாவது முடிச்சையும் போட்டுவிட்டு எழுந்தார்.